முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும்

வட்டத்துக்குள் முகம் வந்தால் காது வெளியே போகிறது. காதை உள்ளே இழுத்தால் மோவாய் வெளியே நிற்கிறது. இந்த வட்டத்தைப் போட்டவனுடைய வம்சத்தில் எல்லோருக்கும் முட்டைத்தலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அத்தப்பன் கைப்பேசியைச் சோப்புத்தூள் டப்பாவின்மேல் இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். சாய்த்தால் மூக்குத் துவாரம் இரண்டும் குகை மாதிரி தெரிந்தன. நிமிர்த்தினார். வட்டத்துக்குக் கீழே தமிழில் எழுத்து நின்றது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் இத்தனை நேரம் பார்த்ததில் அது மனப்பாடமாகிவிட்டது. முகத்தை வட்டத்துக்குள் வைக்கவும். எங்கள் அதிகாரி விரைவில் இணைவார். இணைவாராம். நல்லா இணைவார். டீக்கடையில் எவனோடு இணைந்து நிற்கிறாரோ. வரிசையில் எத்தனையாவது ஆள் என்று மூலையில் ஒரு எண் காட்டியது. அது குறைந்துகொண்டே வந்து, எழுந்து சட்டையைச் சரிசெய்து உட்கார்ந்ததும் மறுபடி ஏறிக்கொண்டது. ரேஷன் கடையில் பின்னால் வந்தவன் முன்னால் போனால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? மெல்போர்னில் மகள் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு திருச்செங்கோட்டுப் பேங்கில் முன்னால் போகிறவனை எப்படித் தடுப்பது? பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லாச் சுவரும் வெள்ளைதான், ஆனால் எல்லாச் சுவருக்கும் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது, ஜன்னல் வழியாக அயல்நாடு தெரிந்தது. ஓட்டுக்கூரை, புல், பக்கத்து வீட்டுக்காரனின் படகு. படகைப் பார்த்தால் பேங்க்காரன் திருச்செங்கோட்டில் ஏது படகு என்று கேட்பான். இந்த அறைக்கு மட்டும்தான் ஜன்னல் இல்லை. அதனால் இங்கே ஒரு மரமுக்காலியைப் போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கீழே லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் மனைவி பாவாயி வந்து ஏனென்று கேட்பாள். பேங்க்காரன் கேட்டால் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், வீட்டில்தானுங்க. எந்த வீடு என்று அவன் எதற்குக் கேட்கப்போகிறான்?

கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு வழி எது. எப்படித் திருப்பிப்போட்டு யோசித்தாலும் அது ஒரே இடத்தில்தான் வந்து முட்டியது. ஊருக்குப் போக டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு கணக்கில் கிடக்கிறது, அவருடைய காசு, போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ராடு தூக்கித் தூக்கித் தோள்பட்டை எலும்பு ஒரு பக்கமாக இறங்கிப்போய்ச் சேர்த்த காசு. கணக்கைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். ஆதாரும் பான் கார்டும் புதிதாகக் காட்டிச் சரிபார்க்கவில்லையாம். காட்டுகிறேன் என்றால் நேரில் வா என்கிறார்கள். நேரில் வர டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட்டுக்குக் காசு கணக்கில் கிடக்கிறது. செக்குமாடாவது சுற்றினால் எண்ணெய் வரும், இதில் என்ன வரும்? கிளைக்குப் போன் போட்டபோது ஒரு பையன் எடுத்தான். வீடியோவில் முகத்தைக் காட்டினால் போதும் சார், வீட்டில் இருந்தபடியே முடித்துக்கொள்ளலாம், லிங்க் அனுப்புகிறேன் என்றான். எந்த நாட்டு வீடு என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வெளிநாடு வந்து இரண்டு வருசமானதைப் பேங்கில் சொன்னால் கணக்கையே வேறு மாதிரி மாற்ற வேண்டும், அதற்கு ஒரு கட்டுக் காகிதம் என்று கோயிலில் பார்த்த ஈரோட்டுக்காரர் ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்தார். புறப்படும் முன்பே, ஊரில் இருந்தபோதே, ஆதார், பான் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இத்தனையும் இல்லை. பாவாயி தினமும் சொன்னாள். போக மாட்டேன் என்றார். எப்படிப் போவது? அந்த மேனேஜர் முகத்தில் மறுபடி எப்படி விழிப்பது? கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்குது பெரியவரே, பேசாமல் கைநாட்டு வெச்சிருங்க என்று, கவுண்டரில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் நின்ற உரக்கடைக்காரன் சிரித்தான். ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து, மகளுடைய பழைய சிலேட்டில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து அது. அ கொஞ்சம் சாயும், ன் சில நாள் நீளும், மனுசன் கை தானே, அச்சு மெஷினா? கைநாட்டு வைக்கிறவன் போட்ட காசில் நடக்கிற பேங்க்தானே இது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, நல்ல பதில் எல்லாம் படி இறங்கி வண்டியை எடுத்த பிறகுதான் வந்தது. அன்றைக்குப் போட்ட சபதம். அந்த மேனேஜர் இருக்கும்வரை இந்தப் படியை மிதிப்பதில்லை. மிதிக்கவில்லை. மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டானாம், பையன் சொன்னான். போனவன் கணக்கைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

கதவு திறந்தது. அவர் அவசரமாகக் கையைக் காட்டினார்.

“ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க? வெள்ளைச் சட்டையப் போட்டுட்டு?”

“உள்ள வராத. தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போன்ல நீ தெரிவ. பேங்க்காரன் வர்ற நேரம்.”

பாவாயி வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கைப்பேசியில் அவர் முகத்துக்குப் பின்னால் அவளுடைய பாதி முகமும் ஒரு தோளும் வந்து நின்றன. வட்டம் சிவப்பாக மாறியது.

“பேங்க்காரன் இங்கயா வரப்போறான், சோப்புத்தூள் டப்பாவுக்கு?” என்று சிரித்தாள். “மாப்ளகிட்டச் சொன்னா ஒரு நிமிசத்துல செஞ்சு குடுத்துருவாரு. மேலதான் இருக்கறாரு.”

“அவருகிட்ட எதுக்குச் சொல்றது?”

“ஏன், சொன்னா ஆகாதா?”

“தள்ளு புள்ள. வட்டம் செவந்துபோச்சு பாரு.”

“துணிய எடுக்கோணும். சித்தெ நேரத்துல நின்னுரும்.”

“நின்னா நிக்கட்டும். அப்பறம் வா.”

அவள் போகும்போது கதவை முழுக்கச் சாத்தவில்லை. எழுந்து சாத்தலாம், எழுந்தால் வரிசை ஏறிவிடும். சாத்தாத கதவு வழியாக மாடியிலிருந்து மாப்பிள்ளையின் சிரிப்பு வந்தது. கோகுலுக்கு வீட்டிலேயே வேலை. காதில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுவான், இடையிடையே சிரிப்பான். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று தெரியாவிட்டாலும் அத்தப்பனுக்கு அது நெஞ்சுக்குழியில் வந்துதான் விழும். தைப்பொங்கலுக்கு வந்திருந்த சிநேகிதர்கள் அத்தனை பேர் முன்னாலும் சிரித்த சிரிப்பு அது. அங்கிள் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எவனோ கேட்டான், கேட்டது தப்பில்லை. அதற்கு இவன், எங்க மாமா ஆயிரம் அடி தோண்டிப் புகை எடுத்துக் குடுப்பாரு என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். மகள் சுகந்தியும் சிரித்தாள், பிறகு அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதுதான் இன்னும் மோசம். அன்றைக்கு அவர் பொங்கலை வாயில் வைக்கவில்லை. என் காசில் ஊருக்குப் போகிறேன் அம்மிணி என்று மட்டும் சொன்னார். எல்லோரும் கேட்கத்தான் சொன்னார்.

புகை. அந்தப் புகையைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்? பூமிக்குள் துளைக்கிற பிட்டு இறங்க இறங்க, ஈரமில்லாவிட்டால் பாறைத்தூள் மாவு மாதிரி மேலே வரும், அரை மைலுக்கு வெள்ளையாய் நிற்கும், அதைத்தான் புகை என்பது. அத்தப்பன் அதைப் பீஜாப்பூரில் பார்த்திருக்கிறார், ராய்ப்பூரில் பார்த்திருக்கிறார், ஊரூராய்ப் போய்ப் பார்த்திருக்கிறார். புகைந்த குழியைச் சுற்றி நிற்கிற விவசாயியின் முகத்தைப் பார்க்காமல் ராடைக் கழற்றுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். ஆனால் சம்பந்தி தோட்டத்தில் புகைந்தது அவர் குறித்த இடமா? சுகந்தி கல்யாணம் முடிந்த கோடையில் காங்கேயத்துப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். வண்டி நம்ம சம்பந்தியோடது, நம்ம காட்டுக்கு நம்ம வண்டியே போடட்டும் என்று பெருமையாகத்தான். அத்தப்பன் மேட்டையும் பள்ளத்தையும் நடந்து பார்த்து, கீழ்க்கோடியில் கிலுவை வேலி ஓரமாகப் போடலாம் என்றார். சம்பந்திக்கு அது பிடிக்கவில்லை. அவர் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவன் ஒருவனைக் கூட்டிவந்திருந்தார். அவன் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நடந்தான், வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அது எழுந்து நின்றது. மூன்று ஓட்டம் சேருதுங்க என்றான். சம்பந்தி சம்மதியா என்று கேட்கவில்லை, ஆரம்பிங்க சம்பந்தி என்றார். புதுச் சம்பந்தம். வாயைத் திறந்தால் பெண்ணைக் கொடுத்தவன் திமிர் என்பார்கள். போட்டார். ராடு மேல் ராடு மேல் ராடு. புகைதான். மறுநாளே தாராபுரம் வரைக்கும் பேச்சு, சம்பந்தி போட்ட போர் புகைஞ்சிருச்சு. தேங்காய் போட்ட போர் என்று ஒருத்தன் சொல்லவில்லை. இரண்டு வருசம் கழித்து வேறு வண்டி கூப்பிட்டு அதே வேலி ஓரத்தில் போட்டார்கள், தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சியது என்று அந்த வண்டி டிரைவர் வந்து சொன்னான். அதைச் சம்பந்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, போனிலாவது, நீங்க சொன்ன எடந்தானுங்க என்று. சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில்தான் இன்றைக்கும் தென்னை காய்க்கிறது. பாவாயி ஊரிலிருந்து வரும்போது அந்தத் தேங்காயைத் துருவிப் பொடி செய்து கொண்டுவந்திருந்தாள். அவர் தொடவில்லை. தொட்டதில்லை.

மெஷின் வேகம் எடுத்துச் சுழல ஆரம்பித்தது, முக்காலி அதிர்ந்தது, கைப்பேசி டப்பாவின்மேல் மெல்ல மெல்ல நகர்ந்தது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டார். திரைக்குள் அவருடைய முகமும் அதிர்ந்தது. இவ்வளவு நேரம் தன் முகத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. சவரம் செய்யும்போதுகூடக் கன்னத்தைத்தான் பார்ப்பது, முகத்தை அல்ல. இடது கண் இமை இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது? அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இறங்கியது, பிறகு வாய் கோணியது. அடிவயிறு முட்டியது. மூத்திரம் வந்து நிற்கிறது, வெகுநேரமாக. எழுந்தால் வரிசை போய்விடும். பயணத்தில் லாரி நிற்காமல் போகும்போது அடக்கியது இல்லையா, அப்போது வயசு இருந்தது. இங்கேயே, இந்த முக்காலியிலேயே நெஞ்சு நின்றுபோனால்? கோகுல் வருவான், காதில் மாட்டியதைக் கழற்றாமலே வருவான், போன் போடுவான், பெட்டிக்குள் வைத்து விமானத்தில் சாமான்களோடு ஏற்றி அனுப்புவான். அதற்கும் செலவு அவன்தான் செய்வான். மாமாவை நான்தான் அனுப்பிவைத்தேன் என்று அந்தச் சிநேகிதர்களிடம் சொல்வான், துக்கமாகத்தான் சொல்வான், நல்லவன்தான், யார் இல்லை என்றார்கள்? ரெண்டு வருசமாகச் சோறு போடுகிறான், பல் பிடுங்கக் கூட்டிப்போனான், காரில் உட்காரும்போது பெல்ட்டைத் தானே மாட்டிவிடுவான், குழந்தைக்கு மாட்டுகிற மாதிரி. அந்த மாட்டுதல்தான். மூக்குக்குப் பக்கத்தில் அவன் தோள் வரும், சோப்பு வாசனை வரும், ‘சரியா மாமா’ என்பான். பொங்கலுக்குப் பிறகு அவர் அவனோடு நேரடியாகப் பேசுவதில்லை. எதிரில் நின்றாலும் பாவாயியைப் பார்த்துத்தான், அவருகிட்டச் சொல்லு, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு, பால் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. பாவாயி அதைத் திரும்பச் சொல்வாள், எதிரில் இருக்கிறவன் அப்போதுதான் கேட்ட மாதிரி தலையாட்டுவான். அவனிடமே டிக்கெட் கேட்பதா? நாக்கு அழுகிவிடாதா? இல்லை, பேங்க்காரன் வரட்டும். வீட்டில்தானுங்க இருக்கேன் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் இன்னும் அம்பது அடி போட்டாப் பாலாட்டம் வந்துருமுங்க என்று விவசாயிகளிடம் சொன்ன வாய்தானே, ஒரு பேங்க்காரனுக்குச் சொல்ல முடியாதா.

மெஷின் நின்றது. நின்றதும் பாட்டு மாதிரி ஒரு ஓசை எழுப்பியது. அதே சமயம் வட்டம் மறைந்து ஒரு பெண் வந்தாள். காதில் கருப்பாக மாட்டியிருந்தாள், கழுத்தில் அட்டை தொங்கியது. சுகந்திக்கு இளையவள்.

“வணக்கம் சார். உங்க பேரு சொல்லுங்க.”

“அத்தப்பனுங்க.”

“பான் கார்டு ஒரிஜினல் காமிங்க சார். கொஞ்சம் பக்கத்துல. சாய்க்காதீங்க. ஓகே. அப்படியே தலையைத் திருப்புங்க. இந்தப் பக்கம். கண்ணைச் சிமிட்டுங்க.”

சிமிட்டினார். இறங்கிய இமையும் சேர்ந்து மூடித் திறந்தது. நடக்கிறது, முடியப்போகிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னாள். முட்டிமேல் வைத்துப் போட்டார். அ சாயவில்லை. ன் நீளவில்லை. இதைவிட நன்றாக ஒரு நாளும் வந்ததில்லை. அந்த மேனேஜர் பார்க்க வேண்டும். தூக்கிக் காட்டினார்.

“நல்லா இருக்கு சார். இப்ப எந்த ஊர்ல இருந்து பேசறீங்க?”

“வீட்டுலதானுங்க. திருச்செங்கோட்டுல.”

அவள் வேறு எங்கோ பார்த்தாள். ஏதோ தட்டினாள். “சார், உங்க லொக்கேஷன் ஆஸ்திரேலியான்னு காட்டுது.”

“அதெப்படி காட்டும்?”

“உங்க போன்தான் சார் சொல்லுது. முதல்ல அனுமதி குடுத்தீங்கல்ல.”

எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டது, ஒவ்வொன்றாக அமுக்கினார். தன் கைப்பேசியே, தன் காசில் வாங்கிய கைப்பேசியே. காதுமடல் சுட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொள்வது புதிதில்லை, மகள் வயசுப் பெண்ணிடம் மாட்டிக்கொள்வதுதான் புதிது.

“மக வீட்டுல இருக்கேனுங்க. உண்மையச் சொல்றேன். திரும்பி வரத்தான் இது.”

“இந்தியாவுக்குள்ள இருந்தாதான் சார் வீடியோல பண்ண முடியும். நீங்க நேர்ல பிராஞ்சுக்கு வந்துருங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

“வர்றதுக்கு டிக்கெட்டுக் காசு அந்தக் கணக்குலதான் கெடக்குதுங்க அம்மிணி.”

திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“மக வீட்டுலதானே இருக்கீங்க? அவங்க எடுத்துக் குடுக்க மாட்டாங்களா சார்?”

அத்தப்பன் தாளைக் கீழே இறக்கினார். மாட்டார்கள் என்று சொன்னால் பெற்ற மகள்மேல் பழி. கேட்கவில்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று தொடங்கினால் காங்கேயத்துக்குப் போக வேண்டும், தேங்காய் எழுந்து நிற்க வேண்டும், பொங்கல் வர வேண்டும்.

“குடுப்பாங்க,” என்றார்.

“அப்பறம் என்ன சார். ஊருக்கு வந்துட்டு பிராஞ்சுக்கு வாங்க. நன்றி, வணக்கம்.”

போய்விட்டாள். இன்றைய சேவை உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு வரிசையாக நட்சத்திரங்கள் வந்து நின்றன. அவர் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தார். முதலில் மூத்திரம் போனார். வெகுநேரம் போனது. போய்க்கொண்டே இருக்கும்போது, இத்தனை நேரம் அடக்கியது எதற்கு என்று எண்ணம் வந்தது, குடுப்பாங்க என்று தன் வாயாலேயே ஒரு அந்நியப் பெண்ணிடம் ஒப்புக்கொள்ளவா? கொடுப்பார்கள். அதுதானே கொடுமை. கொடுக்காதவனாக இருந்தால் எப்போதோ கேட்டிருக்கலாம்.

கூடத்துக்கு வந்தபோது கோகுல் கீழே இறங்கி வந்து நின்றபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சோபாவில் பாவாயி, பேத்தி யாழினியின் பள்ளிக்கூடத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் மறுபடி மாடிக்குப் போய்விடுவான். போனால் ராத்திரி சுகந்தி வந்துவிடுவாள், அவள் முன்னால் கேட்க முடியாது, என் காசில் என்று சொன்னது அவளிடம்தான். அத்தப்பன் லுங்கியை இறக்கிவிட்டு நின்றார். வெள்ளைச் சட்டையில் முதல் பொத்தான்வரை போட்டிருந்தது. அந்தக் கோலத்திலேயே பாவாயியைப் பார்த்தார்.

“பாவாயி. ஊருக்குப் போறதுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லு. காசை அங்க போனதும் திருப்பி அனுப்பிருவேன்னு சொல்லு.”

பாவாயியின் கை ஒரு சின்னச் சட்டையின்மேல் நின்றது. “நீங்களே சொல்லுங்க. எதுத்தாப்புலதான நிக்கறாரு?”

“கேட்டுருச்சுங்க அத்தை,” என்றான் கோகுல். டம்ளரை வைத்துவிட்டு அப்போதே கைப்பேசியை எடுத்தான். “இதுக்கு எதுக்குங்க மாமா திருப்பி அனுப்பிக்கிட்டு. எப்பப் போகோணும்?”

இதைத்தான் பயந்தார், இந்தச் சுலபத்தை. “எப்பக் கெடைக்குதோ அப்ப,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கோகுலின் விரல் திரையில் மேலும் கீழும் போனது. நின்றது. அவன் நிமிர்ந்தான். கேலி எதுவும் இல்லை அந்த முகத்தில்.

“ஒண்ணுங்களா மாமா, ரெண்டுங்களா?”

மாசக்கணக்கில் அந்த டிக்கெட்டை அவர் எல்லாப் பக்கமும் புரட்டியிருந்தார். யார் காசு, எந்த மாசம், சென்னையா கோயமுத்தூரா, ஜன்னல் பக்கமா நடைப்பக்கமா, இறங்கியதும் முதலில் பேங்க்கா வீடா. எத்தனை என்பது மட்டும் ஒருநாளும் வரவில்லை. போகோணும் என்றுதான் நினைத்தார், யார் யார் என்று அதில் என்ன இருக்கிறது, போகிறதென்றால் போகிறதுதானே. ரெண்டு என்று சொல்ல வாயெடுத்தார்.

“ஒண்ணுங்க மாப்ள,” என்றாள் பாவாயி. அவரைப் பார்க்கவில்லை. சின்னச் சட்டையின் கைகள் இரண்டையும் பின்னால் மடக்கி, நீவி, அடுக்கின்மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

கோகுல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். விரல் அப்படியே நின்றது. யாழினி உள்ளே எதையோ தள்ளி உருட்டுகிற சத்தம் கேட்டது. அத்தப்பன் பாவாயியின் பக்கம் திரும்பினார், அவள் மடித்துக்கொண்டே இருந்தாள், அந்தக் குனிந்த தலையிடம் எதைக் கேட்பதென்றாலும் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

“மாப்ள,” என்றார் கோகுலைப் பார்த்து. “ஏன்னு கேளுங்க அவளை.”